குற்றம் குறைந்ததா, பதிவு குறைந்ததா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளிவந்தால் தொலைக்காட்சி விவாதங்களுக்கு ஒரு வாரத்துக்குத் தீனி. எந்த மாநிலம் முதலிடம், எது கடைசி என்று பட்டியல் ஓடும். ஆளுங்கட்சிக்காரர் ஒரு வரியைக் காட்டுவார்; எதிர்க்கட்சிக்காரர் அடுத்த வரியைக் காட்டுவார். பதிவான வழக்குகள் கூடுவதும் குற்றங்கள் கூடுவதும் ஒன்றல்ல என்று அந்த அறிக்கையிலேயே காப்பகம் எச்சரித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதாகத் தெரியவில்லை.

2022 கணக்கில் கேரளத்தையும் ஜார்க்கண்டையும் எடுத்துக்கொள்வோம். லட்சம் பேருக்கு எத்தனை இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் என்று பார்த்தால், கேரளம் தேசிய சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஜார்க்கண்ட் சராசரிக்கு வெகு கீழே. அப்படியானால் கொல்லத்தைவிடத் தன்பாத்தில் பயமில்லாமல் நடமாடலாமா? அதே ஆண்டின் கொலைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள். லட்சம் பேருக்கு 2-க்குச் சற்று மேல். கேரளத்தில் அது 1-ஐத் தொடவில்லை. ஜார்க்கண்டில் 4, மாநிலங்களிலேயே அதிகம். திருட்டுப் புகாரைத் திருப்பி அனுப்பிவிடலாம், பிணத்தை அனுப்ப முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மாநிலங்களை ஒப்பிடும்போது முதலில் கொலைப் பத்தியைப் பார்க்கிறார்கள். கேரளத்தில் தாறுமாறாக வண்டி ஓட்டியதற்குக்கூட வழக்கு எழுதுகிறார்கள். மக்களும் ஸ்டேஷன் படியேறத் தயங்குவதில்லை. நாகாலாந்திலோ பல தகராறுகள் கிராம மன்றங்களிலேயே மரபுப்படி தீர்ந்துவிடுகின்றன. ஏட்டுக்கு வருவதே கொஞ்சம்தான்.

ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதிலும் இதே சிக்கல் உண்டு. 2020-ல் நாட்டின் மொத்தக் குற்றங்கள் 28 சதவீதம் கூடியதாகக் கணக்கு. ஊரே கதவடைத்துக் கிடந்த ஆண்டு அது! அரசு உத்தரவை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில் 2019-ல் 29,469 வழக்குகள் இருந்தன; 2020-ல் 6,12,179. மாஸ்க் போடாதவரும் பைக்கில் சுற்றியவரும் சேர்ந்து ஏற்றிவிட்ட கணக்கு. தமிழ்நாட்டின் எண்ணிக்கை அந்த ஆண்டு எகிறியதும் இப்படித்தான். டெல்லியில் வாகனத் திருட்டுக்கு 2015 முதல் இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியும் வசதி வந்தது. திருட்டு வழக்குகள் குவிந்தன. ஸ்டேஷனுக்குப் போகாமலே வழக்குப் பதிய முடிந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சைபர் மோசடியில் இந்த இடைவெளி பயமுறுத்துகிறது. 2023-ல் நாடு முழுக்கப் பதிவான சைபர் வழக்குகள் 86,420. அதே ஆண்டு தேசிய சைபர் குற்ற இணையதளத்துக்கு வந்த புகார்களோ 15 லட்சத்துக்கு மேல். இந்த வகையில் கர்நாடகமும் தெலங்கானாவும் முன்னே நிற்கின்றன. ஆனால், மற்ற மாநிலத்துக்காரர்கள் ஏமாறவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

புகார் எப்படி ஏடேறாமல் போகிறது? பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கையிலிருந்த போனைப் பைக்கில் வந்தவன் பறித்துக்கொண்டு போகிறான். ஸ்டேஷனில், "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க சார், உடனே சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம். அதை வச்சு போனை பிளாக் பண்ணிக்கலாம்" என்பார்கள். அலைச்சல் மிச்சம் என்று அவரும் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான், ஒரு வழிப்பறி இல்லாமல் ஆகிவிட்டது. எழுத்தரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வழக்கு கூடினால் மேலதிகாரி முன் கைகட்டி நிற்பது அந்த ஸ்டேஷன்தான். எண்ணிக்கையை வைத்துத் திட்டும் நாமும் இதற்கு ஒரு காரணம். பைக் திருட்டு மட்டும் ஓரளவு ஒழுங்காகப் பதிவாகிறது, காப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். தேவை என்பதால்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. குற்றக் கணக்கில் அது ஏறாது. உங்களுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-ல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்கிறது. "அது எங்க லிமிட் இல்லை" என்ற பதில் இனிச் செல்லாது. வாய்மொழியாகவும் சொல்லலாம், மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த போலீசாருக்கு இடமுண்டு. இன்னொன்று, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு இப்போது போலீஸ் நேரடியாக வழக்கெடுக்கும் குற்றமல்ல. பறிப்பு அப்படியல்ல, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் அது தனிக் குற்றம். ஆகவே பறித்ததைப் பறித்தது என்றே எழுதுங்கள்.

பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற புகார்களைப் பதிய மறுக்கும் காவலருக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது அதே நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு. சைபர் மோசடியில் பணம் பறிபோனால் முதல் வேலை 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு.

ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு செய்யலாம். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் போய்ப் பார்த்தாயிற்று என்பதற்கு அந்த மனுவோடு ஆதாரம் கேட்பார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.