முதுமையின் உடன்போக்கு

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டி அமைந்துள்ளது விஸ்வநத்தம். மழை குறைந்த அந்தப் பகுதியின் மக்கள் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களை நம்பி வாழ்கின்றனர். அங்கிருந்து மேற்கு நோக்கி, ஸ்ரீவில்லிபுத்தூரையும் வத்திராயிருப்பையும் கடந்து சென்றால், சமவெளி முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்பதைக் காணலாம். அந்த மலையில்தான் சதுரகிரி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அடிவாரத்துத் தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கர் கோயிலுக்குத் திரளான மக்கள் ஏறிச் செல்வர். வழியோ கரடு முரடானது. பாறைகளும் ஓடைகளும் நிறைந்தது.

ஏறிச் செல்வோர் நடுவே நரை முதிர்ந்த கணவன் மனைவியரும் இருப்பர். இளைஞர்கள் விரைந்து முந்திச் செல்ல, அவர்கள் மெல்ல நடப்பர். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பார். ஊன்றிச் செல்லும் தடி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும். பேச்சு அதிகம் இராது. ஆயினும் அந்த நடையிலே நாற்பது ஐம்பது ஆண்டு இல்லறத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருப்பதை உற்று நோக்குவோர் உணரலாம்.

மாணவ நண்பர்களே, சங்க இலக்கியத்தில் 'உடன்போக்கு' என்னும் துறையை நீங்கள் படித்திருப்பீர்கள். காதலர் இருவர் ஊரையும் உறவையும் விட்டு, வெயில் சுடும் பாலை வழியே ஒருவரை ஒருவர் நம்பிச் செல்வது அது. அது இளமைக்கு உரியது. ஆனால் முதுமைக்கும் ஓர் உடன்போக்கு உண்டு. வெளிநிலத்தின் வெயிலிலும் பனியிலும் துணையாக நடந்து நடந்தே அன்பை வளர்த்துக்கொண்ட ஒரு தம்பதியரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் வெளிநாட்டார்; எனினும் அவர்களுடைய பெரும் பயணங்கள் நிகழ்ந்தது நம் மண்ணிலும் அதன் வட எல்லை மலைகளிலும் ஆகும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர் டாக்டர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன். 1847-இல் பிறந்தவர்; தொழிலால் மருத்துவர். அவருடைய மனைவி ஃபேனி புல்லக், 1859-இல் பிறந்தவர். அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஒருவரின் மகள். கணவருக்கும் மனைவிக்கும் பன்னிரண்டு வயது வேறுபாடு. மணமான புதிதில் டாக்டர் வொர்க்மன் தம் மனைவியை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைகளுக்கு அழைத்துச் சென்று மலையேற்றம் பழக்கினார். பிற்காலத்தில் மலையேற்றத்தில் மனைவியின் புகழே ஓங்கிற்று. அதைக் கண்டு அவர் முகம் சுளிக்கவில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வோம்.

டாக்டர் வொர்க்மனின் உடல்நலம் குன்றியது. நாற்பது வயதைக் கடந்த நிலையில் அவர் தம் தொழிலைக் கைவிட நேர்ந்தது. குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. நோயுற்று ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியில் காலம் கழிப்பார் என்றே உலகம் எதிர்பார்க்கும். அவர்களோ சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் பழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1895-இல் ஸ்பெயின் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 2,800 மைல் தூரம் சைக்கிளிலேயே சுற்றினர்.

பின்னர் 1897-இன் இறுதியில் தொடங்கிய நெடும் பயணத்தில் இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளைக் கண்டனர். அப்போது கணவருக்கு வயது 50, மனைவிக்கு 38. இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை சைக்கிள் மிதித்தனர். பழங்காலக் கோயில்களையும் கட்டடங்களையும் காண்பதே அவர்களுடைய நோக்கம். இப்பயணத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1904-இல் வெளிவந்தது. 14,000 மைல் என்னும் கணக்கு அந்நூலின் தலைப்பிலேயே இடம் பெற்றிருக்கிறது.

அந்நாளைய வழிகளை எண்ணிப் பாருங்கள். தார்ச் சாலை இல்லை, விடுதிகள் அரிது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டு முந்திய காலம். தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, பாலாடைக்கட்டி, குடிநீர், ஆளுக்கொரு தலையணை, கம்பளி, எழுதுபொருள், மருந்து, சக்கரம் பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவற்றைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டனர். முள் குத்திச் சக்கரத்தில் காற்று இறங்கும். ஒரே நாளில் 40 முறை வரை ஒட்டுப் போட நேர்ந்ததுண்டு. அந்தக் காலத்து வழக்கப்படி ஃபேனி அம்மையார் நீண்ட பாவாடை அணிந்தே சைக்கிள் ஓட்டினார்; மலையும் ஏறினார்.

நண்பர்களே, நாற்பது முறை ஒட்டுப் போடுவது சிறிய செயல்தான். ஆனால் வெயிலில், பசியில், ஊர் இன்னும் எட்டாத நிலையில், நாற்பதாவது முறையும் ஒருவரை ஒருவர் கடிந்துகொள்ளாமல் சேர்ந்து குனிந்து அந்த வேலையைச் செய்வது எளிதன்று. இல்லறத்தின் பெரும்பகுதி இத்தகைய ஒட்டுப் போடும் வேலையாகவே இருக்கிறது.

1898-ஆம் ஆண்டுக் கோடையின் வெப்பம் அவர்களை இமயத்துக்கு விரட்டியது. ஓய்வுக்காகச் சென்றவர்கள் அந்த மலைகளின் மீது தீராத பற்றுக் கொண்டுவிட்டனர். அதன்பின் பதினான்கு ஆண்டுகளில் எட்டு முறை அவர்கள் இமய, காரகோரப் பகுதிகளுக்குப் பயணம் செய்தனர்.

அவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு முறை நம் கவனத்துக்கு உரியது. ஒரு பயணத்துக்கு மனைவி பொறுப்பேற்றால், அடுத்த பயணத்துக்குக் கணவர் பொறுப்பேற்பார். பணம், ஆள், உணவு, கூடாரம், வழி ஆகிய எல்லாவற்றையும் பொறுப்பேற்றவரே திட்டமிடுவார். மற்றவர் உடனிருந்து உதவுவார். பெண்ணுக்குத் தலைமை என்பதே நகைப்புக்கு உரியதாக இருந்த காலத்தில், அவர்கள் அதை வாய்ச்சொல்லாக அன்றி வாழ்க்கை வழக்கமாகவே ஆக்கிக்கொண்டனர்.

அவர்களுடைய துயரமும் அந்த மலைகளுக்கு உடன் சென்றது. 1893-இல் அவர்களுடைய சிறு மகன் சீக்ஃப்ரீட் நோயுற்று இறந்துபோயிருந்தான். 1899-இல் காரகோரத்தில் தாங்கள் ஏறிய ஒரு சிகரத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரையே இட்டனர். பதினெட்டாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், பெற்றோர் இருவர் பனியில் நின்று இறந்த மகனின் பெயரைச் சொல்லிய அந்தக் கணத்தை நாம் நினைத்துப் பார்க்கலாம். தனித்தனியே அழுதால் பிரித்துவிடக்கூடிய துயரம் அவர்களைப் பிரிக்கவில்லை.

1906-இல் லடாக்கின் நுன்-குன் மலைத்தொகுதியில் 22,735 அடி உயரமுள்ள பினக்கிள் சிகரத்தை ஃபேனி அம்மையார் எட்டினார். அப்போது அவருக்கு வயது 47. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. மூச்சு முட்டும், தலை வலிக்கும், உறக்கம் வராது. காற்றழுத்தம் குறையக் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், அங்கே 80 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே அரிசியும் பருப்பும் எளிதில் வேகமாட்டா. இந்த இயல்பையே கருவியாகக் கொண்டு, நீர் கொதிக்கும் வெப்பத்தை அளந்து மலையின் உயரத்தைக் கணக்கிடுவது அக்கால வழக்கம். வொர்க்மன் தம்பதியரும் அவ்வாறு அளந்தனர். பெண்களுக்குள் உயர்ந்த ஏற்றம் என்ற அந்தச் சாதனை 1934 வரை நிலைத்தது. அதை முறியடித்த ஹெட்டி டைரன்ஃபுர்த் என்பவரும் தம் கணவரோடு மலைப்பயணம் வந்தவரே என்பது சுவையான செய்தி.

அவர்களுடைய கடைசிப் பெரும் பயணங்கள் 1911, 1912 ஆகிய ஆண்டுகளில் சியாச்சின் பனியாற்றுக்கு நிகழ்ந்தன. பனியாறு என்பது மலையில் காலமெல்லாம் பெய்து இறுகிய பனி, தன் எடையாலேயே மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகர்வதாகும். நகரும்போது அது வெடித்து ஆழ்ந்த பிளவுகள் உண்டாகும். புதிதாகப் பெய்யும் பனி அவற்றின் வாயை மூடி மறைத்துவிடும். அதனால்தான் மலையேறுவோர் தம்மை ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு நடக்கின்றனர். ஒருவர் கால் இடறினால் மற்றவர் காலூன்றித் தாங்குவர்.

ஏறத்தாழ 45 மைல் நீளமுள்ள அந்தப் பனியாற்றை நில அளவையாளர்களுடன் சென்று ஆராய்ந்து படம் வரைந்தபோது மனைவிக்கு வயது 53, கணவருக்கு 65. அந்தப் பயணத்தின் தலைமை அம்மையாருடையது. படம் எடுப்பதும் பனியாற்றின் இயல்புகளை ஆராய்வதும் கணவரின் பொறுப்புகள். இருபத்தோராயிரம் அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தலைப்புத் தாங்கிய செய்தித்தாளை அம்மையார் கையில் விரித்து நிற்கும் படம் இன்றும் புகழ்பெற்றது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்தது அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1920-இல்தான்.

ஆனால் ஒரு வாழ்க்கையைப் போற்றும்போது அதன் குறைகளை மறைப்பது அறிவுடைமை ஆகாது. அதே 1912-ஆம் ஆண்டுப் பயணத்தில், அம்மையாருக்கு மிக அருகே நடந்த இத்தாலியச் சுமையாளர் ஒருவர் மறைந்திருந்த பனிப்பிளவில் வீழ்ந்து உயிரிழந்தார். அம்மையார் மயிரிழையில் தப்பினார். பயணம் நிறுத்தப்படவில்லை. பல்டிஸ்தானத்து ஏழை மக்கள் நூற்றுக்கணக்கில் அவர்களுடைய கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து சென்றனர். அம்மக்கள் பனியில் மேலே செல்ல அஞ்சியபோதும் மறுத்தபோதும், அந்த அச்சத்தின் நியாயத்தை இத்தம்பதியர் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை. தங்கள் நூல்களில் அவர்களைக் குறை கூறியே எழுதினர். அதற்காகப் பிற்கால ஆசிரியர்கள் அவர்களைக் கண்டித்துள்ளனர். மேலும் அவர்களுடைய மகள் ராச்செல் பெற்றோரைப் பிரிந்து விடுதிப் பள்ளியிலேயே பெரும்பாலும் வளர நேர்ந்தது. அவர் பின்னர் நிலவியல் அறிஞராக விளங்கினார் என்பது வேறு செய்தி. இருவருக்கு இடையே கட்டிய கயிறு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அது மூன்றாமவரையும் பற்றித் தாங்கும் அளவுக்கு நீளவில்லையே என்ற குறை நமக்குத் தோன்றத்தான் செய்கிறது.

1917-க்குப் பின் ஃபேனி அம்மையார் நோயுற்றார். மலையேறிய கால்கள் ஓய்ந்தன. பயணங்கள் நின்றபின்னும் துணை நிற்கவில்லை. 1925-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் அம்மையார் காலமானார். பெண்கள் பயிலும் நான்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்குத் தம் செல்வத்தில் ஒரு பகுதியை அவர் எழுதிவைத்திருந்தார். உடல்நலக் குறைவால் நாற்பதுகளில் தொழிலைத் துறந்த கணவரோ, மனைவிக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1937-இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். பிறந்த ஊராகிய வூஸ்டரில் இருவருடைய சாம்பலும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள நினைவுக்கல் இருவரையும் சேர்த்து, இமயத்தை ஆராய்ந்த முன்னோடிகள் என்று குறிக்கிறது. அந்தச் சிறப்பை ஒருவருக்கு மட்டும் உரியதாக்காமல் இருவருக்கும் சேர்த்துப் பொறித்ததே அந்த இல்லறத்துக்குப் பொருத்தமான சான்று எனலாம்.

இனி மீண்டும் விஸ்வநத்தத்துக்கு வருவோம். அங்கும் சுற்றுப்புற ஊர்களிலும் கணவனும் மனைவியும் விடியற்காலையில் எழுந்து, சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் முடித்துவிட்டு வேலைக்குப் புறப்படும் வீடுகள் பல. மருந்தோடு பழகும் தொழிலில் மாலையில் இருவரும் நலமாக வீடு திரும்புவதே ஒரு பேறு. அவர்களுக்கு இமயம் செல்ல வசதியும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சதுரகிரி ஏறுவதே அவர்களுடைய பெரும் பயணம். 22,000 அடி ஏறியவர்களின் அன்புக்கு இந்த அன்பு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

நீண்டநாள் நிலைக்கும் அன்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அது சுமையைப் பங்கிட்டுக்கொள்வதில் பிறக்கிறது என்பதே இவ்வரலாறு தரும் விடை. தலைமையும் உழைப்பும் முறை மாறி வர வேண்டும். ஒருவர் எப்போதும் முன்னே நடக்க, மற்றவர் எப்போதும் சுமந்து வருவது துணைப் பயணம் ஆகாது. நாளை நீங்களும் குடும்பம் நடத்தப் போகிறவர்கள். உங்கள் வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். வொர்க்மன் தம்பதியர் காணத் தவறியதையும் காணுங்கள். உங்கள் பயணத்தின் மூட்டையை முதுகில் தாங்கி வரும் மூன்றாமவர் யார் என்பதையும் கேளுங்கள்.

அடுத்த விடுமுறையில் உங்கள் பாட்டனாரும் பாட்டியும் எங்கேனும் ஒரு மலைக்கோ ஆற்றங்கரைக்கோ செல்ல விரும்பினால், முதுமையைக் காட்டித் தடுக்காதீர்கள். உடன் செல்லுங்கள். அவர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள். தடி எப்போது யார் கைக்கு மாறுகிறது என்பதைச் சற்றுக் கவனியுங்கள்.