செலின் கவுண்டர்: பெயரும் பணியும்

அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் செலின் கவுண்டரின் தந்தை ராஜ் நடராஜன், ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி அருகிலுள்ள பெருமாபாளையத்தில் பிறந்தவர். தாய் பிரெஞ்சுக்காரர். அமெரிக்கா 1965இல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. படித்த இந்தியர் பலர் அங்கே போனது அதன் பிறகுதான். 1960களின் இறுதியில் சென்ற நடராஜன், போயிங் விமான நிறுவனத்தில் பொறியாளரானார். ‘நடராஜன்’ அமெரிக்கர் வாயில் நுழையவில்லை. அதனால் 1970களில் ‘கவுண்டர்’ என்பதைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்.

செலின் பிரின்ஸ்டனில் மூலக்கூறு உயிரியலும், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நோய்ப்பரவலியலும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படித்தார். காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒரே உடலில் சேரும்போது நேரும் சிக்கல்களைத் தென்னாப்பிரிக்கா, மலாவி, பிரேசில் முதலிய நாடுகளில் ஆராய்ந்தார். 2015இல் எபோலா பரவிய கினி நாட்டுக்குத் தொண்டு மருத்துவராகச் சென்றார்.

2020 நவம்பரில் ஜோ பைடன் அமைத்த கொரோனா ஆலோசனைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. விவேக் மூர்த்தி, அதுல் கவாண்டே என இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு இருவரும் அதில் இருந்தனர். செய்தி வந்ததும் தமிழ்நாட்டில் ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்ற பெருமிதம் எழுந்தது. ‘கவுண்டர்’ என்ற சாதிப் பெயரை ஏன் சுமக்கிறார் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அப்படித் துறக்கும் வழக்கம் வேரூன்றிய மண்ணில் இது இயல்பான கேள்வியே. அமெரிக்காவிலோ அதே சொல் வெறும் குடும்பப் பெயர்.

செலின் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. தந்தை அந்தப் பெயரை ஏற்ற கதையைச் சொன்னார். தம் பெயர் தம் வரலாறு என்றும், அதிலுள்ள அசிங்கங்களும் அதில் அடக்கம் என்றும் ஒப்புக்கொண்டார். திருமணத்தின்போதும் மாற்றாத பெயரை இனியும் மாற்றப்போவதில்லை என்றார்.

ஊருடன் அவருக்குள்ள உறவு பெயரோடு முடிவதில்லை. குடும்பத்தார் நடத்தும் அறக்கட்டளை, மொடக்குறிச்சி வட்டார மாணவர்களின் படிப்புக்கு உதவி வந்திருக்கிறது. கணவருடன் அவர் அந்த ஊருக்கு வந்தும் போயிருக்கிறார்.