மருந்தை வெளியே இறைக்கும் பூஞ்சை!

'பூஞ்சைதானே, மாத்திரை போட்டா சரியாப் போயிடும்' என்கிறீர்களா? 'கேண்டிடா ஆரிஸ்' விஷயத்தில் அது பெரும்பாலும் பலிக்காது. 2009-ல், ஜப்பானியப் பெண்மணி ஒருவரின் காதிலிருந்து எடுத்து அடையாளம் காணப்பட்ட கிருமி இது.

பூஞ்சையின் செல் சவ்வுக்கு 'எர்கோஸ்டீரால்' என்ற கொழுப்புப் பொருள் தேவை. அதைத் தயாரிக்கும் என்ஸைமை முடக்குவதுதான் ஃப்ளூகோனஸோல் மாத்திரையின் வேலை. இந்தக் கிருமியோ என்ஸைமின் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. மீறி நுழையும் மருந்தையும், உணவிலிருந்து கிடைத்த சக்தியைச் செலவழித்து, பம்ப் போட்ட மாதிரி வெளியே இறைத்துவிடுகிறது!

ஆரோக்கியமாக இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஐ.சி.யூ.வில் நெடுநாள் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே உலை. சீக்கிரம் கண்டுபிடித்தால், 'எகினோகேண்டின்' வகை ஊசிக்குப் பெரும்பாலும் அடங்கும்.

கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் கிருமி இது. அதனால நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் மறக்காம கையைக் கழுவுங்க!