உங்களுக்குத் தெரியுமா? கப்பல் சரக்கும் பிளாக்செயினும்

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டகம் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 30 தரப்பினரிடையே 200-க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நடப்பதை மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2014-இல் கண்டறிந்தது. இந்தக் காகிதச் சுமையைக் குறைக்க ஐபிஎம்முடன் சேர்ந்து 2018-இல் அது உருவாக்கிய பிளாக்செயின் தளம்தான் டிரேட்லென்ஸ். உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளும், யாரும் ரகசியமாகத் திருத்த முடியாத பதிவேடு அது. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்ற போட்டி நிறுவனங்கள்கூடச் சேர்ந்தன. ஆனாலும் 2022 நவம்பரில் மூடல் அறிவிப்பு வந்துவிட்டது.

அப்படியானால் பிளாக்செயினே வீண் என்பது அவசரத் தீர்ப்பு. தளம் இயங்கவே செய்தது. தொழில்துறையின் முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதே மெர்ஸ்க் சொன்ன காரணம். போட்டியாளரின் கடையில் தன் கணக்கைத் திறந்து வைக்க யாருக்குத்தான் முழு மனம் வரும்? சட்டமும் ஒரு தடை. சரக்கின் உரிமையைக் காட்டும் ‘பில் ஆஃப் லேடிங்’ பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே உரிமை என்பது பழைய வணிகச் சட்டம். கணினிக் கோப்பை எப்படிக் ‘கையில்’ வைத்திருப்பது? காகிதமும் மின்னணு ஆவணமும் சமம் என்று பிரிட்டன் சட்டம் இயற்றியதே 2023-இல்தான். அந்தச் சட்டமும் பிளாக்செயினைக் கட்டாயமாக்கவில்லை: ஆவணம் ஒன்றே ஒன்றாக, ஒரு நேரத்தில் ஒருவர் வசமே இருப்பதை நம்பகமாக உறுதிசெய்ய வேண்டும்; அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் சரி.