அண்ணன் ஆல்பத்தில் விருந்தாளியாக வாசித்த தம்பி: ஒரே ஆல்பத்தில் பேர் வாங்கிய 'நெயில்பாம்'

பெரிய இசைக்குழுவில் இருப்பவர்கள் அந்த வேலையை விடாமலே தனியாக இன்னொரு குழு தொடங்குவது உண்டு. இதற்கு 'சைடு புராஜெக்ட்' என்று பேர். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, ஆசைக்கு ஒரு வேலை என்கிற மாதிரிதான்.

அப்படி தொடங்கி, ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தில் உலகம் முழுக்க ரசிகர்களை பிடித்த குழு 'நெயில்பாம்'. அதற்குள் ஓர் அண்ணன்-தம்பி கதையும் இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

தந்தையை இழந்த சிறுவர்கள்

பிரேசில் நாட்டின் பெலோ ஹொரிசாண்டே நகரில் பிறந்தவர் மேக்ஸ் கவலேரா. இவருடைய தம்பி ஈகோர். 1979-ம் ஆண்டு தந்தை மாரடைப்பில் இறந்தபோது இருவருமே சின்னப் பையன்கள். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது.

1984-ல் இருவரும் சேர்ந்து 'செபுல்டுரா' என்ற மெட்டல் இசைக்குழுவை தொடங்கினார்கள். போர்ச்சுகீசிய மொழியில் இதற்கு 'கல்லறை' என்று அர்த்தம். அண்ணன் பாட்டு, கிட்டார். தம்பி டிரம்ஸ். 1993-ல் வந்த 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பம் இவர்களை உச்சிக்கு கொண்டு போனது.

பட்டறை சத்தம்

அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தின் 'பட்ஜ் டன்னல்' குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் நியூபோர்ட்டுடன் மேக்ஸ் கைகோர்த்தார். பிறந்தது 'நெயில்பாம்'. அதாவது, ஆணி வெடிகுண்டு.

இவர்கள் எடுத்துக்கொண்டது 'இண்டஸ்ட்ரியல் மெட்டல்'. பட்டறையில் சம்மட்டி விழுவது போல ஒரே சீராக அடிக்கும் டிரம் மெஷின், அதன் மேல் கரகரவென்று எலக்ட்ரிக் கிட்டார். கூடவே 'சாம்பிள்'. வேறு எங்கோ பதிவான பேச்சையோ சத்தத்தையோ வெட்டி எடுத்து, பாட்டுக்கு நடுவே ஒட்டி, திரும்பத் திரும்ப ஓட விடுவதுதான் சாம்பிள்.

'பாயிண்ட் பிளாங்க்' என்ற அந்த முதல் ஆல்பம் 1994 மார்ச் மாதம் வெளிவந்தது. மொத்தம் 13 பாட்டு. போர், அதிகாரம் ஆகியவற்றின் மீதான கோபம்தான் விஷயம். வியட்நாம் போரில் ஒரு பெண்ணின் தலையில் துப்பாக்கி வைத்திருக்கும் புகைப்படமே அட்டைப்படம்.

வந்தவர்கள் யார்?

பாட்டு, கிட்டார், பாஸ், சாம்பிள் எல்லாவற்றையும் மேக்சும் அலெக்சும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மெஷின் போதாத இடத்துக்கு ஆள் வேண்டுமே? அங்கேதான் விருந்தாளிகள் வந்தார்கள்.

சில பாட்டுகளுக்கு தம்பி ஈகோர் டிரம்ஸ் வாசித்தார். செபுல்டுரா கிட்டாரிஸ்ட் ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர், 'பியர் பேக்டரி' குழுவின் டினோ கசாரெஸ் ஆகியோரும் வந்து வாசித்துக் கொடுத்தார்கள்.

1995-ல் நெதர்லாந்தில் நடந்த டைனமோ திருவிழாவில் நெயில்பாம் மேடை ஏறியது. அந்த கச்சேரியும் ஆல்பமாக வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பேர், 'வியாபாரத் தற்கொலை செய்துகொள்வதில் பெருமை' என்ற அர்த்தத்தில் இருந்தது. சொன்ன மாதிரியே அதோடு கடையை சாத்திவிட்டார்கள்.

பிரிவும் சேர்க்கையும்

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1996 கடைசியில் மேக்ஸ் செபுல்டுராவை விட்டு வெளியேறினார். தம்பி அங்கேயே இருந்தார். கிட்டத்தட்ட 10 வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

2006-ல் ஈகோரும் செபுல்டுராவை விட்டு விலகினார். அதே ஆண்டு அண்ணன் கச்சேரியில் மேடை ஏறி வாசித்தார். பிறகு இருவரும் சேர்ந்து தொடங்கிய 'கவலேரா கான்ஸ்பிரசி'யின் முதல் ஆல்பம் 2008-ல் வந்தது.

2017-ல் மேக்ஸ் தன்னுடைய 'சோல்பிளை' குழுவோடு ஊர் ஊராக போய் 'பாயிண்ட் பிளாங்க்' முழுவதையும் வாசித்தார். அப்போது டிரம்ஸில் உட்கார்ந்தது அவருடைய மகன் சையான். 1993-ல் வந்த 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தின் தொடக்கத்தில் கேட்கும் இதயத்துடிப்பு, தாய் வயிற்றில் இருந்த இதே சையானுடையது என்பது குறிப்பிடத்தக்கது.