கண் திறந்திருந்தால் மட்டும் போதுமா?

மாணவர்களே, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறிய பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி, சிறிய கறுப்புப் புள்ளி ஒன்றை வையுங்கள். இடக் கண்ணை மூடிக்கொண்டு, வலக் கண்ணால் பெருக்கல் குறியை மட்டுமே பாருங்கள். கையை நீட்டித் தாளைப் பிடித்து, மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும்.

நம் கண்ணின் பின்சுவரில் இருக்கிறது விழித்திரை. அங்கிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இல்லை. அந்த இடத்துக்குக் குருட்டுப்புள்ளி என்று பெயர். ஆனால், புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெறும் வெள்ளைத் தாள்தான் தெரிந்திருக்கும். சுற்றியுள்ள வெள்ளையைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. நாம் பார்ப்பதில் கண்ணுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு மூளைக்கும் உண்டு. அந்தப் பங்கு என்ன?

கோட்டைத் தேடும் நரம்பணு

1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இரண்டு இளம் ஆய்வாளர்கள் இதைத் தேடத் தொடங்கினார்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பூனையின் மூளையில், பார்வைக்குரிய பின்பகுதியில், மயிரிழையைவிட மெல்லிய மின்முனையைச் செருகினார்கள். நரம்பணு ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒலிபெருக்கியில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். பூனையின் எதிரே இருந்த திரையில் புள்ளிகளைக் காட்டிக் காட்டிப் பார்த்தார்கள். பல மணி நேரம் போயிற்று. தெளிவான பதில் இல்லை.

கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடித் தகடு ஒன்றைக் கருவிக்குள் நுழைத்தபோது, திடீரென ஒலிபெருக்கி படபடவெனப் பொரிந்து தள்ளியது. காரணம் புள்ளியன்று. தகட்டின் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய கோடாக நிழல் வீழ்த்தியிருந்தது! அந்த நரம்பணு புள்ளியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகரும் கோட்டுக்காக அது காத்திருந்தது. இன்னொரு நரம்பணுவுக்கு வேறொரு சாய்வு பிடித்திருந்தது. மூளை ஒரு காட்சியைப் புகைப்படம்போல் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை என்பது இதனால் தெரிந்தது. விளிம்பு, சாய்வு, அசைவு என்று பிரித்தெடுத்து, பிறகு அவற்றைக் கோத்து உருவமாக்குகிறது.

மூடியிருந்த ஒரு கண்

அடுத்த சோதனையின் முடிவை 1963-இல் வெளியிட்டார்கள். பிறந்த குட்டிப் பூனையின் ஒரு கண்ணிமையை இரண்டு மூன்று மாதங்கள் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் குறை ஏதும் இல்லை. விழித்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் அந்தக் கண்ணுக்குப் பார்வை இல்லை. மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த நரம்பணுக்கள் ஏறக்குறைய எல்லாமே மற்றக் கண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டன. வளர்ந்த பூனையின் கண்ணை இதே போல் மூடி வைத்தபோது இந்தப் பாதிப்பு ஏற்படவில்லை.

பார்க்கக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது என்பதே இதன் பொருள். 1981-இல் இருவரும் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள். பிறவிக் கண்புரை உள்ள குழந்தைக்குத் தாமதிக்காமல் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்ற மருத்துவ நடைமுறைக்கு இந்த ஆய்வு வலுவான அடிப்படையானது.

பருவம் தவறினால்?

அப்படியென்றால், பருவம் தாண்டியவர்களுக்கு வழியே இல்லையா? எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், இந்தியாவில் பிறவியிலேயே பார்வை இழந்த சிறுவர்களுக்குச் சிகிச்சை அளித்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறது. 2011-இல் வெளியான அதன் ஆய்வு ஒன்றில் 8 முதல் 17 வயது வரையிலான ஐவர் பங்கேற்றார்கள். சிகிச்சை முடிந்து இரண்டு நாள்களுக்குள், விளையாட்டுக் கட்டை போன்ற ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கச் செய்து, பிறகு இரண்டு பொருள்களைக் காட்டி, “நீ தொட்டது எது?” என்று கேட்டார்கள். சரியான விடை ஏறத்தாழ 58 விழுக்காடுதான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 விழுக்காடு வந்துவிடும்! ஆனால் கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே அடையாளம் காணச் சொன்னபோது 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். கண் தெரிந்தது; கை அறிந்ததைக் கண்ணோடு இணைக்கத்தான் மூளைக்குத் தெரியவில்லை.

மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. மீண்டும் சோதித்தபோது, சில நாள்களிலேயே இந்தத் திறன் வளரத் தொடங்கியிருந்தது. இத்தகைய சிறுவர்களின் பார்வைக் கூர்மை முழுமையாகத் திரும்புவதில்லை. ஆனாலும், காலம் கடந்துவிட்டது என்று யாரையும் கைவிட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் பாருங்கள்

‘சோம்பேறிக் கண்’ என்னும் குறையும் இதே கதைதான். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால், மூளை நல்ல கண்ணையே நம்பிப் பழகிவிடும். குழந்தை எதுவும் சொல்லாது. அதற்குத் தெரியவும் தெரியாது. கண்ணாடி அணிவித்தோ, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தோ, பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுக்கிறார்கள். சிறு வயதிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம்.

உங்கள் தம்பி தங்கை தலையைச் சாய்த்துத் தொலைக்காட்சி பார்க்கிறார்களா? ஒரு கண்ணை மூடினால் மட்டும் அழுது அடம்பிடிக்கிறார்களா? அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். தவறவிட்ட பருவத்தை ஈடுகட்டுவதோ எளிதன்று.