அம்பு இல்லாத இடத்தில் காற்றும் இல்லையா?



வானிலை குறித்த நம் தொலைக்காட்சிக் கலந்துரையாடலுக்கு, ஜாசின் மாவட்டத்து நியாலாஸிலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டார்: "படத்துல கடலு மேல அம்பு அம்பா போடுறீங்களேம்மா, நடுவுல சில இடம் வெறுமையா கெடக்கே, அங்க காத்தே அடிக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிய புதிதில், அப்படியொரு படத்தைக் காட்டி, "இங்கே காற்று அமைதியாக உள்ளது" என்று நானே சொல்லியிருக்கிறேன். அது தவறு. அங்கே இல்லாதது காற்று அல்ல, தகவல்.

கடல்மேல் வீசும் காற்றைத் துணைக்கோள்கள் அளக்கின்றன. 1999 முதல் 2009 வரை அந்தப் பணியைச் செய்த குவிக்ஸ்கேட் அவற்றுள் ஒன்று. ராடார் அலையைக் கடலுக்கு அனுப்பி, நீர்ப்பரப்பு எவ்வளவு சிலிர்த்திருக்கிறது என்பதைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கும். தரைமேல் இந்த வழி பலிக்காது. கரையோரத்தில் தரையின் எதிரொலி கலந்துவிடும். கனமழையும் அளவைக் கெடுக்கும். நம் மலாக்கா நீரிணையோ இந்தப் பக்கம் குறுகலானது. ஆகவே கரையை ஒட்டிய பல கட்டங்களை நம்ப முடியாதென்று ஒதுக்கிவிடுவார்கள்.

தோட்டத்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பால் நிறுத்து, கிராணி 'பூஜ்யம்' என்று எழுதினால், அன்று பால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எழுதாமலே விட்டிருந்தால், எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றா? எழுதாத நாளைப் பூஜ்யமாக்கினால் மரம் வெட்டியவரின் சம்பளமல்லவா குறையும்!

காற்றுப் படத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ஒவ்வோர் அம்பும் இரண்டு எண்களால் ஆனது: கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு. கிழக்கு நோக்கி 12, வடக்கு நோக்கி 16 என்றால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வடகிழக்கு நோக்கிச் சாய்ந்த அம்பு கிடைக்கும். வடக்கு எண் தொலைந்து, கணினி அங்கே பூஜ்யத்தைப் போட்டால், அம்பு 12 ஆகச் சுருங்கி நேர்கிழக்கே திரும்பிவிடும். வேகமும் பொய், திசையும் பொய். ஆகவே ஓர் எண் போனாலும் அம்பு முழுவதையும் மறைப்பதே முறை.

தகவல் இல்லாத இடத்தில் −9999 போன்ற, நடக்கவே முடியாத எண்ணைக் குறியாக இடுவதும் உண்டு. மறைக்க மறந்தால் அதையும் காற்றென்று எண்ணி, படத்தையே விழுங்கும் ராட்சத அம்பைக் கணினி வரைந்துவிடும். அது நல்லதென்பேன்; பார்த்தவுடன் தவறு தெரிந்துவிடும். பூஜ்யம்தான் ஓசையில்லாமல் ஏமாற்றும்.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை டிகிரி தூரம்தான்! அவ்வளவு அருகில் சூறாவளி உருவாகாது என்றே பலரும் நம்பியிருந்தனர். வெள்ளமும் நிலச்சரிவும் ஏற்பட்டன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. புயலின் மையத்தைச் சுற்றித்தானே மழை கொட்டும்? அங்கேதான் ராடார் அளவும் தடுமாறும். ஆபத்து மிகுந்த இடமே படத்தில் வெற்றிடமாகலாம். அதை 'அமைதி' என்று படித்தால் என்னவாகும்?

வானிலையாளர்களிடம் இதற்குப் பழைய வழக்கம் உண்டு. நிலையங்களின் அளவைக் குறிக்கும் வரைபடத்தில், காற்று அசையவில்லை என்றால் நிலையத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போடுவார்கள். திசை தெரிந்து வேகம் தெரியாவிட்டால், கோட்டின் நுனியில் பெருக்கல் குறி இடுவார்கள். தொலைக்காட்சியில் படம் காட்டும் நாமும், தகவல் இல்லாத இடத்துக்குச் சாம்பல் நிறம் பூசி, ஓரத்தில் விளக்கமும் எழுதலாம். பக்கத்து அம்புகளைக் கொண்டு ஊகித்து நிரப்பியிருந்தால், அதையும் வேறு நிறத்தில் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் விளக்கத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்கம்மா. நாங்க பாத்துக்குவோம்."

அன்றிலிருந்து நான் அப்படியே சொல்கிறேன். நீங்களும் அடுத்த முறை காற்றுப் படத்தில் வெற்றிடத்தைக் கண்டால், "அளந்து பார்த்து இல்லையென்றீர்களா, அளக்கவே இல்லையா?" என்று கேளுங்கள்.